மேடாஃபுக்கு அறக்கட்டளைப் பணம் ஏன் பிடித்தது?

எலீ வீசல் அறக்கட்டளையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அவுஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாமிலிருந்து உயிர் பிழைத்து வந்த எழுத்தாளர் வீசல், 1986-இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்ததும் மனைவி மரியனோடு சேர்ந்து தொடங்கியது. பெரிய அமைப்பெல்லாம் இல்லை. எத்தியோப்பியாவிலிருந்து இஸ்ரேலுக்குக் குடிவந்த யூதக் குழந்தைகளுக்குப் பள்ளி விட்ட பிறகு பாடம் சொல்லித்தரும் மையங்களை நடத்தியது. அவற்றுக்கு வீசல் வைத்த பெயர் பெய்த் ட்ஸிபோரா, ட்ஸிபோராவின் வீடு. ட்ஸிபோரா, 1944-இல் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்ட அவருடைய குட்டித் தங்கை.

பிறர் பணத்தை முதலீடு செய்வதாகச் சொல்லி ஏமாற்றிய நியூயார்க்காரர் பெர்னார்ட் மேடாஃப் 2008 டிசம்பரில் கைதானபோது, அவரிடம் போட்டிருந்த அறக்கட்டளையின் 1.52 கோடி டாலர் போனது. அநேகமாக இருந்தது அவ்வளவுதான். வீசல் தம்பதியின் சொந்தச் சேமிப்பும் அதோடு போனது.

பேராசைப்பட்டார்கள் என்று சிலர் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மேடாஃப் காட்டிய லாபம் வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு சதவீதம்தான், ஆனால் தவறாமல். அறக்கட்டளை நடத்துகிறவருக்கு வேண்டியதும் அதுதானே? அடுத்த வருடம் ஆசிரியர் சம்பளத்துக்கு எவ்வளவு வரும் என்று இப்போதே தெரிந்தாக வேண்டும்.

அமெரிக்கச் சட்டப்படி தனியார் அறக்கட்டளைகள் வருடத்துக்குச் சொத்து மதிப்பில் சுமார் 5 சதவீதம் செலவழித்தால் போதும். முதல் அப்படியே கிடக்கும். புதிதாக வருகிறவர் பணத்தை எடுத்துப் பழையவருக்குக் கொடுத்தே காலம் தள்ளுகிற ஆளுக்கு இதைவிட வசதி ஏது? தனி மனிதர் என்றால் மகள் கல்யாணம், வீடு என்று திடீரென மொத்தத்தையும் கேட்பார். அறக்கட்டளை கேட்காது.

அப்புறம் நம்ம ஆள் என்ற நம்பிக்கை. மேடாஃப் யூதர்களின் யெஷிவா பல்கலைக்கழகத்துக்கே பொருளாளர். அவரிடம் போய்ப் பங்குப் பத்திரம் எங்கே என்று யார் கேட்பது? முதலீடு செய்கிறவரும் அவர், பத்திரங்களை வைத்திருக்கிறவரும் அவர், கணக்கு அனுப்புகிறவரும் அவர். அத்தனை ஆயிரம் கோடிக் கணக்கைத் தணிக்கை செய்த அலுவலகம், நியூயார்க் புறநகரில் 13 அடிக்கு 18 அடி அறை. வேலை பார்த்த கணக்காளர் ஒரே ஒருவர். அக்ஸியா என்ற ஆலோசனை நிறுவனம் 2007-இல் இதை விசாரித்துத் தெரிந்துகொண்டு, தன் வாடிக்கையாளர்களை அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று சொல்லிவிட்டது. விசாரித்தால் தெரியக்கூடிய விஷயம்தான் அது! எவ்வளவு சின்ன அமைப்பானாலும் அறங்காவலர்களில் ஒருவராவது அந்த வேலையைச் செய்தே ஆக வேண்டும். மரியாதைக்குரியவர் என்பதற்காக விடக் கூடாது. மொத்தத்தையும் ஒரே இடத்தில் போடவும் கூடாது.

செய்தி வெளியானதும் முகம் தெரியாத பலர், கேட்காமலே, தங்களால் முடிந்த சிறு தொகைகளை வீசலுக்கு அனுப்பினார்கள். ட்ஸிபோராவின் பெயரில் இருந்த மையங்களுக்குக் குழந்தைகள் தொடர்ந்து வந்துகொண்டிருந்தார்கள்.