பாடுகிறவர் தொண்டைக்கு வாசியுங்கள்

கிட்டார் பழகிய ஒருவரிடம் "ஏதாவது ஒரு பாட்டு வாசியேன்" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பாட்டின் முன்னிசை வரும். நன்றாகவே வரும். 20 விநாடியில் நின்றுவிடும். அடுத்து இன்னொரு பாட்டின் முன்னிசை. அதுவும் பாதியில் நிற்கும். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் வாயைத் திறக்கக் காத்திருந்து, கடைசியில் ஒரு கைதட்டலோடு பழைய பேச்சுக்கே திரும்பிவிடுவார்கள்.

பிழைப்புக்காக இல்லாமல் ஆசைக்காக வாசிக்கிறவருக்கு வேலை ஒன்றுதான் என்பது என் கட்சி: பாட்டை நாலு பேர் வாயில் ஏற்றிவிட வேண்டும். அப்படி வைத்துக்கொண்டால் விரல் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதெல்லாம் பின்னுக்குப் போய்விடும். முதலில் வரும் கேள்வி, இந்தப் பாட்டை எத்தனை கட்டையில், அதாவது எந்த ஆதார சுருதியில், எடுப்பது?

ஒலிப்பதிவில் இருக்கும் அதே சுருதியில் வாசிப்பதுதான் நேர்மை என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தச் சுருதி அந்தப் பாடகரின் தொண்டைக்காக வைக்கப்பட்டது. உங்கள் எதிரில் உட்கார்ந்திருப்பவர் தொண்டை வேறு. மேற்கத்திய ஸ்வர எழுத்துகளில் சொன்னால், பயிற்சியில்லாத குரல்கள் கூடிப் பாடும்போது கீழே ஏ-யில் தொடங்கி, ஒரு ஸ்தாயி (ஸ முதல் மேல் ஸ வரை) தாண்டி வரும் டி வரைக்கும் சிரமமில்லாமல் போகலாம். ஆண்கள் அதையே ஒரு ஸ்தாயி இறக்கிப் பாடுவார்கள். உச்சம் இ-யைத் தொட்டால் கழுத்து நீளும். எஃப்-க்குப் போனால் பலர் உதட்டை மட்டும் அசைப்பார்கள்.

ஆகவே பாட்டின் உச்ச ஸ்வரத்தைத்தான் முதலில் தேட வேண்டும். ஒரு உதாரணம். பாட்டு ஜி மேஜரில், நம் கணக்கில் 5 கட்டையில், இருக்கிறது. பல்லவி கீழ்ப் பஞ்சமத்தில் (ப) தொடங்குகிறது, சரணம் மேல் ஸட்ஜம் (ஸ) வரை ஏறுகிறது. அந்த உச்சம் ஜி. கூட்டமாகப் பாட முடியாது. 5 ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகள்) இறக்கி டி மேஜருக்கு, அதாவது 2 கட்டைக்குக் கொண்டுவந்தால் உச்சம் டி-யில் நிற்கும், கீழ்ப் பஞ்சமம் ஏ-யில் உட்காரும். மேலே சொன்ன எல்லைக்குள் அச்சாகப் பொருந்துகிறது. ஜி, சி, டி, இ மைனர் என்று வாசித்த நான்கு கார்டும் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) இப்போது டி, ஜி, ஏ, பி மைனர்.

இந்த பி மைனர் ஒரே விரலால் பல தந்திகளை அழுத்தும் பாரே கார்ட்; இதில்தான் பலர் பயந்துகொண்டு பழைய சுருதிக்கே ஓடிவிடுகிறார்கள். ஓட வேண்டாம். தடித்த தந்தியை விட்டுவிட்டு மற்ற ஐந்திலும் தடித்ததிலிருந்து வரிசையாக 2, 0, 2, 0, 2 என்ற ஃப்ரெட்டுகளில் பிடியுங்கள்; 0 என்றால் அழுத்தாத தந்தி. மூன்று விரல் போதும். அது பி மைனர் செவன்த்; பாட்டின் ஓட்டத்தில் வித்தியாசம் யாருக்கும் உறைக்காது. எஃப் மேஜருக்கும் இப்படி ஒரு தப்பிக்கும் வழி உண்டு: மெல்லிய நான்கு தந்திகளில் மட்டும் 3, 2, 1, 0. சாஸ்திரப்படி அது எஃப் மேஜர் செவன்த். அதனால் பாடுகிறவர் நின்றுவிடப் போவதில்லை.

எல்லாத் தந்தியையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வியான கேப்போவை நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் அதுவே பதில் என்று இருந்துவிடக் கூடாது. ஜி வடிவங்களையே வைத்துக்கொண்டு டி-க்குப் போக 7-ஆவது ஃப்ரெட்டில் போட வேண்டும். ஒலி மாண்டலின் போல மெலிந்துவிடும், கூட்டத்தின் குரலைத் தாங்காது. 2, 3-ஆவது ஃப்ரெட் என்றால் நல்ல வசதி: ஜி வடிவம் 2-இல் ஏ ஆகிறது, 3-இல் ஆறரைக் கட்டை. போடும்போது ஃப்ரெட் கம்பியை ஒட்டி, அதன் பின்னால் போடுங்கள். இரண்டு கம்பிக்கும் நடுவில் போட்டால் தந்தி கீழே இழுபட்டுச் சுருதி ஏறும். ஸ்பிரிங் கேப்போ இறுக்கமாக இருந்தால் எப்படிப் போட்டாலும் கொஞ்சம் ஏறும், அதனால் போட்ட பிறகு இன்னொரு தடவை சுருதி காட்டும் கருவியான ட்யூனரைப் பார்த்துவிடுவது நல்லது.

ஒருவர் தனியாகப் பாடப் போகிறார் என்றால் கட்டையைக் கேளுங்கள். சங்கீதம் கற்றவர் உடனே சொல்லிவிடுவார். ஆண்கள் 1, ஒன்றரை, 2 என்பார்கள், பெண்கள் 5-ஐச் சுற்றிச் சொல்வார்கள். கற்காதவர் முழிப்பார். அப்போது முதல் வரியைப் பாடச் சொல்லாதீர்கள், அது எந்தச் சுருதியிலும் வந்துவிடும். சரணத்தில் ஏறும் வரியை வாத்தியம் இல்லாமல் பாடச் சொல்லி, அந்த உச்சியைத் தந்தியில் தேடிப் பிடித்து, அங்கிருந்து கணக்குப் போட்டு இறங்கி வாருங்கள்.

சுருதி சேர்ப்பதில் ஒரு தொல்லை உண்டு. காதுக்கு இனிக்கும்வரை சி கார்டைச் சேர்ப்பார்கள். உடனே இ கார்ட் கசக்கும். அதைச் சரி செய்தால் சி போய்விடும். தந்தியிலோ காதிலோ பழுதில்லை. தம்புராவில் தானாகக் கேட்கும் அந்தர காந்தாரம் (மேஜர் கார்டின் நடு ஸ்வரமான க) ஸட்ஜத்திலிருந்து 386 சென்ட்; ஒரு ஸ்தாயிக்கு 1200 சென்ட் என்பது கணக்கு. கிட்டாரின் ஃப்ரெட் ஸ்தாயியை 12 சம பாகமாக வெட்டியது, அங்கே அதே காந்தாரம் 400 சென்ட். இந்த 14 சென்டை ஒரு கார்டில் மறைத்தால் இன்னொன்றில் தலைகாட்டும். நல்ல காது உள்ளவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்வார்கள். ஒவ்வொரு தந்தியையும் தனித்தனியாக ட்யூனருக்குச் சேர்த்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். சேர்க்கும்போது எப்போதும் கீழிருந்து மேலே வர வேண்டும். கூடிவிட்டால் நன்றாக இறக்கி மறுபடி ஏற்றுங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் முறுக்காணியின் பல்லில் இருக்கும் தளர்வு இரண்டாம் வரியிலேயே தந்தியைக் கீழே இழுத்துவிடும். புதுத் தந்தியைப் பாட உட்காரும் நாளன்று மாட்டுவது வீண் வேலை. நீண்டு நீண்டு இறங்கிக்கொண்டே இருக்கும். இரண்டு நாள் முன்னதாக மாட்டி, கையால் மெல்ல இழுத்து விட்டு, திரும்பச் சேர்த்து வையுங்கள்.

பாரே கார்ட் வரவில்லை என்று விரலைத் திட்டுகிறவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கேப்போவை 1-ஆவது ஃப்ரெட்டில் போட்டு, அதற்கு அடுத்த ஃப்ரெட்டில் எஃப் வடிவத்தைப் பிடியுங்கள். சட்டென்று சுலபமாகிவிட்டால் குற்றம் விரலில் இல்லை. தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் நட் உயரமாக இருக்கிறது. இன்னொரு வழி: தந்தியை 3-ஆவது ஃப்ரெட்டில் அழுத்தி, 1-ஆவது ஃப்ரெட்டுக்கு மேல் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். காகிதக் கனத்துக்கு மேல் இருந்தால் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துப் பள்ளத்தை அராவச் சொல்லுங்கள். நீங்களே அராவாதீர்கள். ஒரு இழுப்பு கூடினால் தந்தி ஃப்ரெட்டில் இரைய ஆரம்பித்துவிடும்.

இனி கை மாற்றம். கூட்டுப் பாட்டைக் கெடுப்பது தப்பான கார்ட் அல்ல, அதைத் திருத்துவதற்காக நிறுத்துவது. வலக்கை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இடக்கை பிந்தினால் திறந்த தந்தியை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போகலாம். எவ்வளவு பழக்கம் போதும் என்பதைக் கணக்காகவே சொல்லிவிடலாம். நிமிடத்துக்கு 80 தட்டு உள்ள பாட்டில் நாலு தட்டுக்கு ஒரு கார்ட் என்றால் நிமிடத்தில் 20 மாற்றம். ஜி, சி, ஜி, சி என்று ஒரு நிமிடம் மாற்றி மாற்றிப் பிடித்துப் பாருங்கள். சுத்தமாக 30 வந்தால் அந்தப் பாட்டுக்கு நீங்கள் தயார். இரண்டு தட்டுக்கு ஒரு கார்ட் வரும் பாட்டுக்கு 40 வேண்டும், அதற்குப் பயிற்சியில் 50-ஐத் தொட்டிருக்க வேண்டும். அந்த எண் வராத பாட்டைக் கூட்டத்தில் எடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

பெரும்பாலான பாட்டுகள் தடுமாறுவது முதல் சொல்லில்தான். வாசிப்பவர் டி கார்டை நாலு தடவை தட்டிவிட்டு எல்லோர் முகத்தையும் பார்ப்பார். பல்லவி ஸட்ஜத்தில் தொடங்கினால் பிழைத்தோம். பஞ்சமத்திலோ காந்தாரத்திலோ தொடங்கினால் ஆளுக்கொரு ஸ்வரத்தில் எடுப்பார்கள். எடுப்பு சமத்தில், அதாவது தாளத்தின் முதல் தட்டில், இல்லாமல் அரை இடம் தள்ளியிருந்தால் இன்னும் குழப்பம். முன்னிசைக்குப் பதிலாகப் பல்லவியின் கடைசி வரியை அதன் கார்டுகளோடு முழுசாக வாசித்து, தொடக்க ஸ்வரத்தை வாயால் ஒரு முறை முனகிவிட்டு, மூச்சு இழுப்பதை எல்லோரும் பார்க்கும்படி இழுங்கள். அந்த மூச்சுதான் கூட்டத்துக்குச் சைகை.

பாட்டைப் பிறருக்குக் கொடுக்கும் தாளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வரிக்கு மேலே குத்துமதிப்பாக நாலு கார்ட் எழுதியிருக்கும் தாள் யாருக்கும் உதவாது. எந்த எழுத்தில் கை மாறுகிறதோ அந்த எழுத்தின் நேர் மேலே கார்ட் இருக்க வேண்டும். தட்டச்சு செய்து செயலியில் ஒட்டினால் இடைவெளி கலைந்து கார்டெல்லாம் இடம் மாறிவிடும். படமாகவோ பிடிஎஃப்பாகவோ அனுப்புங்கள். முழுப் பாட்டும் ஒரே பக்கத்தில் அடங்கட்டும், நடுவில் தாள் புரட்டக் கைக்கு நேரம் கிடையாது. தலைப்பில் எழுதியவர், இசையமைத்தவர் பெயர், வாசிக்கும் சுருதி, கேப்போ எத்தனையில், நிமிடத்துக்கு எத்தனை தட்டு, தொடக்க ஸ்வரம். கார்டுகளின் பக்கத்தில், சுருதி ஸ்வரத்தை 1 என்று வைத்து எண்ணி, 1, 4, 5, 6 என்று எண்ணும் போட்டுவிட்டால் வேறு கட்டையில் பாடுகிறவர் தானே மாற்றிக்கொள்வார்: சி-யில் அது சி, எஃப், ஜி, ஏ மைனர், ஏ-யில் ஏ, டி, இ, எஃப் ஷார்ப் மைனர்.

ஒலிப்பதிவு செய்து அனுப்புவதானால் போனைத் துளைக்கு எதிரே வைக்காதீர்கள், அடித்தந்தி குமுறி மற்றதை விழுங்கிவிடும். கழுத்து உடலோடு சேரும் இடத்துக்கு எதிரே 30 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். வீடியோ அழைப்பில் வாசிப்பதானால் இரைச்சல் குறைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். கிட்டாரை அது மின்விசிறிச் சத்தம் என்று நினைத்துக்கொண்டு நறுக்கும். அழைப்பில் சேர்ந்து பாடுவது மட்டும் நடக்காது. ஒலி காற்றில் 10 மீட்டர் கடக்க 30 மில்லிவிநாடி போல ஆகும். மேடையில் அந்தத் தூரத்துக்கே இருவரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து தாளம் இழுபட ஆரம்பிக்கும். இணையத் தாமதம் அதைப் போலப் பல மடங்கு. ஒருவர் வாசித்துப் பதிவு செய்து அனுப்பட்டும், மற்றவர்கள் அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே தங்கள் குரலைத் தனியாகப் பதிவு செய்யட்டும். பதிவின் தொடக்கத்தில் நாலு எண்ணி ஒரு கைதட்டு இருந்தால் போதும். எல்லாக் குரலையும் அந்தத் தட்டில் வைத்து ஒட்டிவிடலாம்.

பாடி முடித்ததும் தாளின் மூலையில் ஒரு பென்சில் குறிப்பு எழுதி வையுங்கள்: "இரண்டாம் சரணத்தில் எல்லோரும் திணறினார்கள், அடுத்த தடவை அரைக் கட்டை இறக்கு."