லேசர் அறையை விட எனிக்மாதான்

நியூயார்க்கின் ஸ்பைஸ்கேப் உளவு அருங்காட்சியகத்தில் பதின்வயதுப் பிள்ளைகளை ஈர்ப்பது லேசர் அறைதான் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எங்கள் வீட்டில் பாதிதான் உண்மை. அண்ணன் நியூ ஜெர்சியில் இருப்பதால், சேலத்திலிருந்து போனபோது பிள்ளைகளை அங்கே கூட்டிப் போனோம். லேசர் கதிரில் படாமல் பொத்தான்களை அழுத்தும் விளையாட்டை அண்ணன் மகன் ஒரு கை பார்த்துவிட்டான். என் மகளோ எனிக்மாவை விட்டு நகரவே இல்லை.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பயன்படுத்திய சங்கேத இயந்திரம் அது. விசையை அழுத்தினால் உருளை நகர்ந்து வேறோர் எழுத்துக்கு விளக்கு எரியும். ஆனால் 'ஏ'யை அழுத்தினால் 'ஏ' மட்டும் வரவே வராது. பிரிட்டனின் சங்கேத உடைப்பு மையமான பிளெட்ச்லி பார்க்கில் அதை உடைத்தவர்களுக்கு இந்த ஓட்டை பெரிய உதவி. அதற்கும் முன்பே, 1932இல், போலந்துக் கணிதவியலாளர்கள் அன்றைய எனிக்மாவை உடைத்திருந்தார்கள். அவர்கள் பெயரை யாரும் அதிகம் சொல்வதில்லை என்பதில் எனக்கு வருத்தம்தான்.

அருங்காட்சியகத்தைச் சுற்றி முடித்ததும், கடைசியில் நீங்கள் எந்த வகை உளவாளி என்று ஒரு முடிவு தருவார்கள். ஜோசியம் மாதிரி ரசித்துவிட்டு வரலாம்.

அமெரிக்கா போக முடியாதவர்கள் ஏற்காட்டிலேயே விளையாடலாம். மெய்யெழுத்து வரிசையில் மூன்று இடம் தள்ளி எழுதினால் 'சேலம்' என்பது 'ணேளல்' ஆகிவிடும். இப்படித் துப்புச் சீட்டு எழுதி பகோடா பாயிண்ட், லேடீஸ் சீட் என்று ஒளித்து வைத்தோம். பெரியவர்கள்தான் திணறினோம். அப்புறம், சீட்டைத் தின்பண்டப் பையில் மட்டும் வைக்காதீர்கள், குரங்கு விடாது.