ஏழை என்று நிரூபிக்கவே ஒரு வழக்கு

எங்கள் ஊர் அக்கா ஒருவரின் கணவர், பக்கத்துத் தோட்டத்தில் காட்டுப்பன்றிக்காகப் போட்டிருந்த மின்வேலியில் சிக்கி இறந்துபோனார். தோட்டக்காரர் மீது 15 லட்சம் இழப்பீடு கேட்டு வழக்குப் போட வேண்டும். தமிழ்நாட்டில் கோர்ட் ஃபீஸ் 3 சதவீதம் (2017-க்கு முன் ஏழரை). அப்படியென்றால் 45,000 ரூபாய். தறிக்கூலியில் வாழ்கிறவர் எங்கே போவார்?

வக்கீல் ‘பாப்பர் ஓ.பி.’ போட்டார்; அதாவது, ஏழை என்பதால் கோர்ட் ஃபீஸை இப்போது கட்டாமல் வழக்கு நடத்த அனுமதி கேட்கும் மனு. உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 33. ‘பாப்பர்’ (பரம ஏழை) என்ற சொல்லை 1976-லேயே சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். கோர்ட் வராண்டாவில் இன்னும் அதுதான் புழங்குகிறது.

அந்த மனு விசாரணையன்று நானும் கூடப் போனேன். எதிர்த்தரப்பு வக்கீல் அக்காவைக் கூண்டில் நிறுத்திக் கேட்டார்: மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் எப்படிக் கட்டினீர்கள்? காதில் கிடக்கும் தோடு எத்தனை கிராம்? மாமனார் வீடு யார் பெயரில் இருக்கிறது? செத்தவரைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. அக்கா தோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னது இன்னும் கண்ணில் நிற்கிறது.

கோர்ட் ஃபீஸ் அரசாங்கத்துக்குச் சேர வேண்டிய பணம். அதை இப்போதே வாங்குவதா, பிறகு வாங்குவதா என்பதில் அரசு வக்கீல் கேள்வி கேட்கட்டும், நியாயம். இழப்பீடு தர வேண்டியவருக்கு அதில் என்ன வேலை? அவருக்கும் நோட்டீஸ் போக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்த விதியை மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இத்தனைக்கும் இது தள்ளுபடிகூட இல்லை. ஜெயித்தால் அந்தத் தொகையை அரசு வசூலித்துக்கொள்ளும். தோற்றால் மனு போட்டவரே கட்ட வேண்டும்.

இன்னொன்று எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. 1987-ஆம் வருட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், பிரிவு 12-இன்படி பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. அந்த உதவியில் கோர்ட் ஃபீஸும் அடங்கும். மாவட்டக் கோர்ட் வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும். 15100-க்குப் போன் செய்தும் கேட்கலாம். முதல் நாளே அங்கே கூட்டிப்போகாமல் விட்டோமே என்று இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது.

ஒன்றேகால் வருடம் கழித்து, போன மாதம்தான் அக்காவின் மனு அனுமதியானது. வழக்குக்கு இனிமேல்தான் நம்பர் விழும்.