தோத்தது மருந்து, ஜெயிச்சது பிளாசிபோ, அப்போ ஷேர் வச்சிருக்கவன் சிரிக்கணுமா அழணுமா?

ரெண்டு நாளா ஒரு ஃபிரெண்டோட போன்ல ஒரே சண்டை. சொத்துத் தகராறு இல்ல, அரசியலும் இல்ல, ஒரு ஜெல். லண்டன்ல சின்ன கம்பெனி ஷேருங்களுக்கான ஏய்ம் மார்க்கெட்ல ஃபியூச்சுரா மெடிக்கல்னு ஒரு சின்ன கம்பெனி இருக்கு, அவங்களோட எராக்ஸான்ங்கற விறைப்புக் குறைபாட்டு ஜெல்தான் விஷயம். அவன் அந்த ஷேர்ல காசு போட்டவன், நான் போடாம வேடிக்கை பாக்கறவன். "எஃப்டிஏவே ஓகே சொல்லிட்டான், பிளாசிபோன்னு சொல்ல நீ யாருடா"ங்கறது அவன் கட்சி. எஃப்டிஏன்னா அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, பிளாசிபோன்னா ஒப்பிட்டுப் பாக்கறதுக்காகக் குடுக்கற, மருந்தே இல்லாத டம்மி. இந்த ஷேர் வச்சிருக்கவங்க நடுவுலயே இதே சண்டை வருஷக்கணக்கா ஓடிக்கிட்டிருக்கு. ரெண்டு பக்கமும் ஒரே ரிசல்ட்டைத்தான் காட்டிப் பேசறாங்க, அதான் எனக்கு சுவாரசியமே.

கதை தெரியாதவங்களுக்கு. இந்தக் கம்பெனி முதல்ல விக்க நினைச்சது இந்த ஜெல்லே இல்ல. மெட்2005னு ஒண்ணு, அதுல நைட்ரோகிளிசரின் இருந்துச்சு. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில வைப்பாங்களே அதே மருந்துதான். ரத்தக்குழாயைத் தளர்த்தும், அதைத் தோல் வழியா உள்ள அனுப்பினா தேவையான இடத்துல ரத்தம் பாயும்னு கணக்கு. கேக்க நியாயமாத்தான் இருக்கு. இருநூறு சொச்சம் பேரை வச்சு ஒரு டிரையல் நடத்துனாங்க, ஒரே ஆளு மருந்து ஜெல்லும் போடுவாரு, வெறும் ஜெல்லும் போடுவாரு. ரிசல்ட் 2018ல ஜர்னல்ல வந்துச்சு. 30 மார்க்குக்கான ஒரு கேள்வித்தாள்ல ஆரம்ப சராசரி 17.1, வெறும் ஜெல் போட்டப்போ 18.5, மருந்து ஜெல் போட்டப்போ 19.6. மருந்து ஜெயிச்சுருச்சுன்னு எல்லாரும் குஷி.

ஆனா அந்த நம்பரைக் கொஞ்சம் நிதானமா பாருங்க. ஒண்ணுமே இல்லாத ஜெல்லால கூடுனது 1.4. மருந்து சேர்த்ததால மேல கூடுனது 1.1. அதாவது அப்பவே மருந்தை விட வெறும் ஜெல் அதிகமா வேலை செஞ்சிருக்கு! இந்த மார்க்குல சராசரியா 4 புள்ளி கூடினாத்தான் ஆளுக்கே வித்தியாசம் தெரியும்னு 2011லயே ஆராய்ச்சி வந்தாச்சு. நடந்து முடிஞ்சதைத் திரும்பிப் பாத்து பேசறது ஈசிதான், ஒத்துக்கறேன், ஆனாலும்.

2019 டிசம்பர்ல பெரிய டிரையல் ரிசல்ட் வருது. எஃப்எம்57னு பேரு, சுமார் ஆயிரம் பேரு, 0.2, 0.4, 0.6 சதவீதம்னு மூணு டோஸ், நாலாவதா மருந்தே இல்லாத ஜெல். நாலு குரூப்புலயும் ஆளுங்களுக்கு முன்ன விட நல்லா இருக்கு. ஆனா மருந்து குரூப் எதுவும் வெறும் ஜெல்லைத் தாண்டல. நம்ம வழக்குல இதுக்கு ஃபெயில்னு பேரு. கம்பெனி என்ன பண்ணுச்சு தெரியுமா, அந்த வெறும் ஜெல்லையே தூக்கி மெட்3000னு பேரு வச்சு, மருந்துன்னு இல்லாம மெடிக்கல் டிவைஸ்னு அப்ளை பண்ணிருச்சு. 2021 ஏப்ரல்ல ஐரோப்பாவுல விக்கறதுக்கான சிஇ மார்க், 2023 ஜூன்ல எஃப்டிஏ ஓகே. எதையும் ஒளிக்கல, எல்லாம் பகிரங்கமா நடந்தது, அதனால ஏமாத்துனாங்கன்னு நான் சொல்லவே மாட்டேன். மாப்பிள்ளை ஓடிப்போயிட்டாரு, வந்த கூட்டம் கலையறதுக்குள்ள மாப்பிள்ளைத் தோழனை மணையில உக்கார வச்சுட்டாங்க, அவ்வளவுதான். அவரும் நல்லவராவே இருக்கலாம்.

இப்போ சண்டைக்கு வருவோம். ஃபிரெண்டு சொல்றது, ஆரம்பத்துல இருந்த நிலைமைக்கும் முடிவுல இருந்த நிலைமைக்கும் எவ்வளவு வித்தியாசம் பாரு, அது ஸ்டாடிஸ்டிக்ஸ்படி உறுதியானதுன்னு. உண்மைதான். ஆனா யாரும் பிரச்சினை உச்சத்துல இருக்கறப்பதான டிரையல்ல சேருவாங்க, உச்சத்துல இருக்கறது தானாவே கொஞ்சம் இறங்கும். டாக்டர் பேசறாரு, டைரி எழுதச் சொல்றாங்க, வீட்டுல ரெண்டு பேரும் ரொம்ப நாள் கழிச்சு அந்தப் பேச்சை எடுக்கறாங்க. அதுவும் இந்தப் பிரச்சினையில மனசுக்கு இருக்கற பங்கு எவ்வளவுன்னு யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்ல. இதையெல்லாம் கழிச்சுட்டு ஜெல்லுக்குன்னு என்ன மிச்சம்னு பாக்கத்தான் பிளாசிபோ குரூப்பே வைக்கறது. இங்க பிளாசிபோவே சரக்கு ஆயிட்டதால கழிக்க ஒண்ணும் இல்லாமப் போச்சு.

அவன் உடனே "அது சும்மா ஜெல் இல்லடா, அதுக்குன்னு ஒரு மெக்கானிசம் இருக்கு"ன்னான். இருக்கு. கையில சானிடைசர் ஊத்தித் தேய்ச்சுப் பாருங்க, முதல்ல ஜில்லுன்னு இருக்கும், ஆவியாகப் போகப்போக அந்த ஜில்லு போய் பழைய சூடு மெதுவா திரும்பும். இந்த ஜெல்லும் அப்படித்தான், அதுல இருக்கற ஆல்கஹால் சமாச்சாரம் சட்டுனு ஆவியாகி குளிர்ச்சி, அப்புறம் வெதுவெதுப்பு, அது நுனியில இருக்கற நரம்பைத் தூண்டுதுங்கறது கம்பெனி விளக்கம். நடக்கலாம், நான் முடியாதுன்னு சொல்லல. ஆனா இதை சோதிக்க எதை எதிர்ல வைப்பீங்க? ஜில்லுங்கற உணர்வே மருந்துன்னா, ஜில்லுன்னு இல்லாத ஜெல்லைக் குடுத்தா ஆளு மூணாவது செகண்டுல கண்டுபிடிச்சுருவான். ஜில்லுன்னு இருக்கறதைக் குடுத்தா அதுவே சரக்கு. இதுல இருந்து வெளிய வர சுத்தமான வழி எனக்குத் தெரிஞ்சு இல்ல, இதைத் திட்டறவங்களும் இந்த சிக்கலை ஒத்துக்கணும். எஃப்டிஏ கூடுதலா கேட்ட டிரையல்ல ஏறக்குறைய நூறு பேரு, 24 வாரம், எதிர்ல வச்சது இதே பிரச்சினைக்கான டடாலாஃபில் 5 மில்லிகிராம் மாத்திரை. யாரு ஜெல் யாரு மாத்திரைன்னு எல்லாருக்கும் தெரியும், எப்படித் தெரியாம இருக்கும்.

அந்த எஃப்டிஏ ஓகேயும் டி நோவோங்கற வழியில வந்தது. முன்னாடி அந்த மாதிரி ஒண்ணு இல்லாத, ரிஸ்க் ரொம்ப இல்லாத டிவைஸுக்கான வழி அது. புது மாத்திரை பாஸாகறதும் இதுவும் ஒண்ணுன்னு நினைச்சா எப்படி.

இது முதல் கதையும் இல்ல. மூட்டுவலிக்கு கீட்டோபுரோஃபென்ங்கற வலி மருந்து வச்ச ஒரு ஜெல் டிரையல், 1,395 பேரு, 2013ல வந்துச்சு. பிளாசிபோவா வச்சிருந்த மருந்தில்லாத ஜெல் செலகாக்சிப்ங்கற வலி மாத்திரைக்கே சளைக்காம நின்னு, பிறகு ஃப்ளெக்ஸிசெக்னு பேரு வச்சு கடைக்கே வந்துருச்சு. சாதாரண டிக்ளோஃபினாக் வலி ஜெல்லையே எடுங்க, மருத்துவ ஆராய்ச்சிகளைத் தொகுத்து அலசற காக்ரேன் அமைப்போட கணக்குப்படி மூட்டுத் தேய்மானத்துல 100ல 60 பேருக்கு நல்ல பலன், மருந்தில்லாத ஜெல் போட்டவங்கள்ல 50 பேருக்கு. தேய்ச்சு விடறதுக்கே அவ்வளவு மகிமை. இன்னொரு பக்கம் அமெரிக்காவுல பயோசான்டேன்னு ஒரு கம்பெனி, பெண்களுக்கான டெஸ்டோஸ்டிரோன் ஜெல் லிபிஜெல், 2011 டிசம்பர்ல பிளாசிபோவை ஜெயிக்கலன்னு சொன்ன கையோட ஷேர் முக்கால்வாசி காலி, முதலீட்டாளருங்க கோர்ட்டுக்கே போனாங்க. அவங்க பிளாசிபோவைத் தூக்கி விக்கல பாவம்.

ஃபிரெண்டு கடைசியா ஒரு நல்ல பாயிண்ட் வச்சான். "போடறவனுக்கு வேலை செஞ்சா போதாதா, பிளாசிபோவா இருந்தா என்ன?" போடறவனுக்குப் போதும்டா. சைடு எஃபெக்ட் கம்மி, ஹார்ட்டுக்கு நைட்ரேட் எடுக்கறவங்க சில்டெனாஃபில் (வயாகராதான்) வகை மாத்திரையைத் தொடவே கூடாதுங்கறப்போ இப்படி ஒண்ணு இருக்கறது நல்லதுதான். ஆனா நீ போடறவன் இல்ல, ஷேர் வாங்குனவன். உனக்கு வேண்டியது அவன் திரும்ப வந்து வாங்கற ரெண்டாவது டப்பா. டிரையல்ல டாக்டர் இருந்தாரு, டைரி இருந்துச்சு. வீட்டுல அதெல்லாம் கிடையாது, பிரிட்டன்ல கடைக்கு வந்தப்போ நாலு டியூப் 24.99 பவுண்டு, அங்க அதே கடையில 2018ல இருந்து சில்டெனாஃபில் மாத்திரையும் சீட்டு இல்லாமக் கிடைக்குது. முதல் டப்பாவை விளம்பரம் விக்கும், ரெண்டாவதை எது விக்கும்? 2024 அக்டோபர்ல ஹேலியான்ங்கற பெரிய கம்பெனி இதை அமெரிக்கக் கடைங்கள்ல இறக்குச்சு, 2025ல விற்பனை எதிர்பார்த்த அளவு இல்லைன்னு ஃபியூச்சுராவே சொல்ல வேண்டி வந்து ஷேர் சரிஞ்சது. மார்க்கெட்டிங் சரியில்லைங்கறான் அவன். இருக்கலாம். ஆனா இனிமே அந்தக் கம்பெனி அறிக்கை வந்தா நான் முதல்ல தேடறது எத்தனை கடையில வச்சாங்கங்கறது இல்ல, வாங்குனவங்கள்ல எத்தனை பேரு திரும்ப வாங்குனாங்கங்கறதுதான்.

"அப்போ அந்த ஆயிரம் பேரும் பொய் சொன்னாங்களாடா?"ன்னு கேட்டான், குரல்ல கோவம். இல்லடா, அவங்கள்ல நிறையப் பேருக்கு நல்லாயிருக்கு, ஜெல்லாலயான்னுதான் கேக்கறேன்னேன். பதில் சொல்லாம வச்சுட்டான். ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு மெசேஜ் வருது, "விலை இவ்வளவு இறங்கிருக்கு, இன்னும் கொஞ்சம் வாங்கி ஆவரேஜ் பண்ணலாம்னு இருக்கேன்".