அழைப்பிதழில் இல்லாத ஒரு வரி

கருத்தரங்க அழைப்பிதழ் ஒன்று கைக்கு வந்தால், பதிவுக் கட்டணம், கட்டுரை அனுப்பக் கடைசி நாள், கட்டுரைத் தொகுப்பு நூலுக்கான ஐஎஸ்பிஎன் எண், தங்குமிடம், மதிய உணவு எல்லாமே அதில் அச்சாகியிருக்கும். வந்த இடத்தில் ஒருவருக்குத் தொல்லை நேர்ந்தால் யாரிடம் சொல்வது என்ற விவரம் மட்டும் இருக்காது. பத்தொன்பது ஆண்டுகளாகக் கோவை, ஈரோடு, சேலம், நாமக்கல் பக்கத்துக் கல்லூரிக் கருத்தரங்குகளுக்குப் போய்வருகிறேன். சிலவற்றை நானே நடத்தியும் இருக்கிறேன். நான் நடத்தியவற்றிலும் அந்த வரி இல்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியில், மதிய உணவுக்குப் பிந்தைய அமர்வில், ஆய்வு மாணவி ஒருவர் கொங்கு நாட்டு வாய்மொழிக் காவியமான அண்ணன்மார் கதையின் வாய்மொழி வடிவங்களைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். ஊர் ஊராகப் பேருந்தில் போய், உடுக்கைப் பாட்டுக் கலைஞர்களிடம் பதிவு செய்த தரவு அது. வாசித்து முடித்ததும் அமர்வுத் தலைவர் ஒலிவாங்கியை இழுத்து, "கட்டுரை கெடக்கட்டும், பொண்ணு லட்சணமா இருக்குது" என்றார். அரங்கம் சிரித்தது. அந்தப் பெண் கையிலிருந்த தாள்களை அடுக்கினார். அடுக்கிய தாள்களையே மறுபடியும் அடுக்கினார். தரவைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மூன்றாவது வரிசையில் இருந்த நானும் வாய் திறக்கவில்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது.

மேடையில் நடப்பதாவது பலர் கண்ணில் படுகிறது. சிறப்பு விருந்தினரைக் கோவை ரயில் நிலையத்திலிருந்து அழைத்துவர, காரில் ஆய்வு மாணவியைத் தனியே அனுப்பும் வழக்கம் யார் கண்ணையும் உறுத்துவதில்லை. பதிவுப் படிவத்தில் கொடுத்த கைப்பேசி எண்களையெல்லாம் ஒரே வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடுகிறோம். அன்றிரவே அந்த எண்ணுக்குத் தனிச்செய்தி வரத் தொடங்குகிறது. தேநீர் இடைவேளையில், "எந்த ஊருங்க, என்ன கூட்டம்?" என்று இயல்பாகக் கேட்பதுபோல் கேட்கிறார்கள். நம் பக்கத்தில் கூட்டம் என்றால் குலம்; அந்தக் கேள்வி சாதியைத்தான் தேடுகிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்லத் தயங்கி நிற்கும் பிள்ளைக்கும் தெரியும்.

இதற்கெல்லாம் சட்டத்தில் இடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், வேலையின் பொருட்டுச் செல்லும் இடத்தையும் அதற்காக நிறுவனம் ஏற்பாடு செய்யும் வண்டியையும் பணியிடம் என்றே கொள்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் இன்னும் ஒரு படி மேலே போய், மாணவர் என்ற முறையில் ஒருவர் பங்கேற்கும் வெளி நிகழ்ச்சிகளையும் வளாகத்தின் நீட்சியாகவே கருதுகின்றன. விருந்தினராக வரும் வெளியாளின் செயலும் அதன் வரம்புக்குள் வருகிறது. துறைத் தலைவர், முதல்வர் போன்ற உயர் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள், இத்தகைய புகார்களை விசாரிக்கும் கல்லூரிப் புகார்க் குழுவில் இருக்கக்கூடாது என்றும் அது சொல்கிறது. நடைமுறையிலோ, "எதுவா இருந்தாலும் எச்ஓடிகிட்டச் சொல்லும்மா" என்பதோடு முடித்துக்கொள்கிறோம். அந்த விருந்தினரை அழைத்து வந்தவரே அந்தத் துறைத் தலைவர்தான் என்றால், அந்தப் பிள்ளை என்னதான் செய்யும்?

எழுத்து மூலம் புகார் தர 3 மாதம் அவகாசம் இருக்கிறது. ஆனால் இன்று மேடையில் இருப்பவர் நாளை அவளுடைய ஆய்வேட்டுக்குப் புறத் தேர்வாளராக வரலாம், நேர்முகத் தேர்வில் எதிரே உட்காரலாம். "சொன்னா உம் பேருதான் கெட்டுப் போகும்" என்று அவள் நலம் விரும்புபவர்களே சொல்கிறார்கள். அந்தப் பயத்தை மாணவிதான் தாண்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. கூட்டத்தைக் கூட்டியவருக்குத்தான் முதல் கடமை இருக்கிறது.

வீட்டுக்கு வருபவர்களை ஒறம்பரை என்று சொல்லி, அவர்களுக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்யும் ஊர் நம்முடையது. சிறப்பு விருந்தினருக்குப் பன்னீர் தெளித்து, பொன்னாடை போர்த்தி அந்த மரியாதையைச் செய்கிறோம். கட்டணம் கட்டி, விடியற்காலைப் பேருந்து பிடித்து, கட்டுரையோடு வரும் பிள்ளையும் நமக்கு ஒறம்பரைதான்.

வரும் தை மாதம் எங்கள் துறையில் கருத்தரங்கு வைத்திருக்கிறோம். அமர்வுத் தலைவர்களுக்கு அனுப்பும் கடிதத்தில், பேச்சு கட்டுரையைப் பற்றி மட்டுமே இருக்க வேண்டும், வரம்பு மீறினால் அமர்வை வேறொருவர் ஏற்று நடத்துவார் என்று எழுதியிருக்கிறோம். விருந்தினரை அழைத்துவர ஆசிரியர்கள்தான் போவார்கள். கைப்பேசி எண்கள் அலுவலகத்தோடு நின்றுவிடும். புகார்க் குழுவின் பேராசிரியை ஒருவரும் வெளி உறுப்பினர் ஒருவரும் இரண்டு நாளும் பதிவு மேசைக்கு அருகிலேயே இருப்பார்கள். அவர்கள் பெயரும் எண்ணும் அழைப்பிதழில் இருக்கும்.

நேற்று மெய்ப்புப் பார்க்கப் போனபோது, முன்பக்கத்தில் இடமில்லை, இதைப் பின்னால் போட்டுக்கொள்ளலாமா என்று அச்சகத்துக்காரர் கேட்டார். புரவலர்கள் பெயரைப் பின்பக்கம் கொண்டுபோகச் சொல்லிவிட்டு வந்தேன்.