ஒரு மணி நேர ஆட்டத்துக்கு மூன்றரை மணி நேர மழை

நவம்பரில் மழை பெய்வது யாருடைய குற்றமும் அல்ல. அமெரிக்காவின் மத்திய மேற்கில் குடியிருப்பவர்களுக்குக் குளிரைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வாசல் பனியை வாரிக் கொட்டியே முதுகு தேய்ந்தவர்கள் நாங்கள். என் கோபம் வானத்தின் மேல் இல்லை. மழை வரும் என்று தெரிந்தும் கல்லூரிக் கால்பந்தை நடத்துகிறவர்கள் ஆட்டத்தை இருட்டில் வைக்கிறார்கள். வாசலில் குடையைப் பிடுங்குகிறார்கள், சூடான பானம் இருந்த குடுவையையும் பிடுங்குகிறார்கள். கூரையில்லாத இடத்தில் அலுமினியப் பலகையில் உட்காரவைத்துவிட்டு, நிமிடத்துக்கு ஒரு தரம் ஆட்டத்தை நிறுத்தி விளம்பரம் ஓட்டுகிறார்கள். அவர்கள் மேல்தான் என் கோபம் முழுவதும்.

கல்லூரிக் கால்பந்து இங்கே விளையாட்டு மட்டுமல்ல, ஊர்த் திருவிழா. பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்தைத்தான் சொல்கிறேன். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அரங்கில் 1,07,601 பேர் உட்காரலாம். பென்சில்வேனியாவில் பீவர் ஸ்டேடியம், ஒஹாயோவின் கொலம்பஸ் நகரில் ஒஹாயோ ஸ்டேடியம், இரண்டுமே ஒரு லட்சத்துக்கு மேல் கொள்ளும். இவை எதற்கும் கூரை கிடையாது. எனக்கு இந்த ஆட்டம் உண்மையிலேயே பிடிக்கும். என் மகள் எங்கள் பல்கலைக்கழகத்தின் அணிவகுப்பு வாத்தியக் குழுவில் டிரம்பெட் வாசிக்கிறாள். அவள் வரிசையில் நடந்து வருவதைப் பார்க்கவே நான் சீசன் டிக்கெட் வாங்கினேன். ஆகவே, "பிடிக்காவிட்டால் வீட்டில் இருக்க வேண்டியதுதானே" என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். பிடித்திருப்பதால்தான் வயிறு எரிகிறது.

டிக்கெட் வாங்கும்போது தேதி தெரியும், நேரம் தெரியாது. இதை எத்தனை பேர் கவனித்திருக்கிறார்கள்? கோடைக்கு முன்பே பணத்தை வாங்கிக்கொள்கிறார்கள். நண்பகலா, மாலை மூன்றரையா, இரவு ஏழரையா என்பதைப் பெரும்பாலான ஆட்டங்களுக்கு 12 நாள் முன்பு தொலைக்காட்சி நிறுவனம் சொல்லும். சில வாரங்களில் அதுவும் கிடையாது, ஆறு நாள் முன்புதான் சொல்லும். மூன்று மணி நேரம் கார் ஓட்டி வரும் குடும்பம் ஓட்டல் அறை போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் காத்திருக்க வேண்டும். எங்களுக்கு வந்த தகவல், இரவு ஏழரை. அந்தச் சனிக்கிழமை காலையில் வெயில் அடித்தது. மதியம் வரை வானத்தில் மேகம் இல்லை. நண்பகலில் ஆட்டம் நடந்திருந்தால் ஒரு ஸ்வெட்டரோடு பார்த்துவிட்டு வீடு திரும்பியிருக்கலாம். இங்கே நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள். அதன் பிறகு மாலை ஐந்தரைக்கெல்லாம் கும்மிருட்டு. ஆட்டம் தொடங்கும்போது வெப்பநிலை 38 ஃபாரன்ஹீட், அதாவது 3 டிகிரி செல்சியஸ். கூடவே மழை.

மூன்று டிகிரிதானே என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். அமெரிக்க தேசிய வானிலைச் சேவையின் அட்டவணைப்படி, 38 ஃபாரன்ஹீட்டில் மணிக்கு 15 மைல் வேகத்தில் காற்று அடித்தால் உடம்புக்கு அது 29 ஃபாரன்ஹீட் போலத் தெரியும். உறைநிலைக்குக் கீழே. அந்த அட்டவணை நனைந்த உடம்பைக் கணக்கில் எடுப்பதே இல்லை. நீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை உறிஞ்சும். 40 ஃபாரன்ஹீட்டுக்கு மேலே இருந்தாலும், மழையில் நனைந்தவருக்கு உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே எச்சரிக்கிறது. உலர்ந்த பனியில் நான்கு மணி நேரம் நிற்கலாம். நனைந்த மூன்று டிகிரியில் நாற்பது நிமிடம் உட்கார்ந்து பாருங்கள், தெரியும்.

அதுவும் எதன் மேல் உட்கார்கிறோம்? நீளவாக்கில் வரி வரியாகப் பள்ளம் வைத்த அலுமினியப் பலகை. ஒவ்வொரு பள்ளத்திலும் தண்ணீர் தேங்கி நிற்கும். கையால் வழித்துவிட்டு உட்கார்ந்தால், உட்கார்ந்தவரின் மழை அங்கியிலிருந்து வழியும் நீர் அதே பள்ளத்தில் மறுபடி சேரும். பக்கத்தில் இருப்பவர் அசைந்தால் அவர் பக்கத்துத் தண்ணீர் நம் பக்கம் ஓடிவரும். கால்சட்டைக்குள் ஒரு விரல் அகலத்துக்கு ஈரம் ஏறும்போது முதுகுத்தண்டே சிலிர்க்கும். பிறகு அது தொடை முழுவதும் பரவும். அலுமினியம் சூட்டைச் சேர்த்து வைக்காது, இழுத்துக்கொண்டு போய்விடும். நின்றுகொண்டால் பின்வரிசைக்காரர் உட்காரச் சொல்லிக் கத்துகிறார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, அவரும் காசு கொடுத்தவர்தான்.

வாசலில் நடந்ததை நினைத்தால் இன்னும் ஆறவில்லை. எங்களுக்கு முன்னால் வரிசையில் ஒரு முதியவரும் அவர் மனைவியும் நின்றார்கள். இருவருக்கும் எழுபதுக்கு மேல் இருக்கும். அவர் கையில் பழைய பச்சை நிறக் குடுவை, உள்ளே சூப். வெளியிலிருந்து திரவம் எதுவும் கொண்டுவரக் கூடாது என்றான் சோதனை மேசையில் இருந்த இளைஞன். திறந்து காட்டுகிறேன் என்றார் பெரியவர். முடியாது. காருக்குத் திரும்பி நடந்தால் அரை மணி நேரம். கடைசியில் அந்த அம்மாள் குடுவையைத் திறந்து, ஆவி பறக்கும் சூப்பைக் குப்பைத் தொட்டிக்குள் தானே ஊற்றினார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே போனால் ஒரு காகிதக் குவளை சூடான சாக்லேட் வாங்க ஆட்டத்தின் ஒரு குவார்ட்டர், அதாவது கால் பங்கு, முழுக்க வரிசையில் நிற்க வேண்டும்.

பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் பை, அதுவும் 12 அங்குலத்துக்கு 6 அங்குலத்துக்கு 12 அங்குலம் என்று விதி வைத்தார்கள், ஏற்றுக்கொண்டோம். அந்தப் பைக்குள் மாற்று உடையும் கம்பளியும் சேர்ந்து அடங்காது, அதையும் பொறுத்துக்கொண்டோம். குடை பின்னால் இருப்பவரின் பார்வையை மறைக்கும், கண்ணில் குத்தும், சரி. ஆனால் குடையைத் தடை செய்கிறவனுக்கு நனையாமல் காக்கும் கடமை இல்லையா? மெல்லிய பிளாஸ்டிக் அங்கியை உள்ளே விலைக்கு விற்கிறார்கள். போட்ட பத்தாவது நிமிடத்தில் என் அங்கி அக்குளில் கிழிந்தது. நனைந்துவிட்டது, காருக்குப் போய் உடை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்றால், வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். ஆட்டம் மழையிலும் நடக்கும், பணம் திரும்பாது என்று டிக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறார்கள். எல்லா ஒப்பந்தமும் அவர்கள் பக்கம், எல்லா ஈரமும் நம் பக்கம்.

இத்தனையையும் ஆட்டத்துக்காகத் தாங்கலாம். ஆட்டம் எங்கே நடக்கிறது? கடிகாரப்படி ஆட்டம் ஒரு மணி நேரம், 15 நிமிடமாக நான்கு குவார்ட்டர். நடுவில் 20 நிமிட இடைவேளை. நாங்கள் அந்தப் பலகையில் இருந்ததோ மூன்றரை மணி நேரத்துக்கும் மேல். சிவப்புத் தொப்பி வைத்த ஒருவர் பக்கவாட்டுக் கோட்டிலிருந்து மைதானத்துக்குள் வந்து நிற்பார். தொலைக்காட்சியில் விளம்பரம் ஓடுகிறது என்று அர்த்தம். அவர் வெளியேறும் வரை ஆட்டம் கிடையாது. இருபத்திரண்டு வீரர்களும் நடுவர்களும் மழையில் கையைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறார்கள், பல்லாயிரம் பேர் அவரையே வெறித்துப் பார்க்கிறோம். டச் டவுன் விழுந்தால், அதாவது பந்தை எல்லைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்ப் புள்ளி எடுத்தால், ஒரு நிறுத்தம். உடனே பந்தை உதைத்து அனுப்புவார்கள், ஒரே ஒரு உதை. மறுபடி அவர் உள்ளே வருவார். வீட்டில் சோபாவில் இருப்பவர் அந்த நேரத்தில் எழுந்து காபி போட்டுக்கொள்ளலாம். அரங்கில் இருப்பவனுக்கு அந்த இரண்டரை நிமிடம் முழுவதும் மழை மட்டும்தான்.

ஆட்டம் நீள்கிறது என்று எல்லோரும் புகார் சொன்னபோது என்ன செய்தார்கள் தெரியுமா? முன்பெல்லாம் ஒவ்வொரு ஃபர்ஸ்ட் டவுனுக்கும், அதாவது ஓர் அணி பந்தைப் பத்து கஜம் முன்னேற்றும் ஒவ்வொரு தடவையும், கடிகாரம் நிற்கும். 2023-இல் அந்த விதியை மாற்றினார்கள். ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடத்தைத் தவிர இனி கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அதாவது விளையாட்டைக் குறைத்தார்கள். விளம்பரத்தில் கை வைக்கவில்லை. 2024-இல் ஒவ்வொரு பாதியிலும் இரண்டு நிமிடம் மிச்சமிருக்கும்போது ஒரு கட்டாய நிறுத்தத்தையும் புகுத்தினார்கள். நேரில் வந்தவனிடம் யார் கேட்டார்கள்?

கேட்க மாட்டார்கள், பணம் வேறு இடத்திலிருந்து வருகிறது. மத்திய மேற்கின் பெரிய பல்கலைக்கழகங்களை உறுப்பினராகக் கொண்ட பிக் டென் கூட்டமைப்பு, 2022-இல் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி ஆகிய தொலைக்காட்சி நிறுவனங்களோடு ஏழாண்டு ஒப்பந்தம் போட்டது. மதிப்பு 700 கோடி டாலருக்கும் மேல். ஒஹாயோ, மிச்சிகன் பக்கத்துச் சிறிய பல்கலைக்கழகங்கள் இருக்கும் மிட்-அமெரிக்கன் கூட்டமைப்பு நவம்பர் மாதத்தில் செவ்வாய், புதன் இரவுகளில் ஆடுகிறது. மறுநாள் வகுப்பு இருக்கும் மாணவர்கள் வார நாளில் இரவு பதினொன்று வரை குளிரில் உட்கார்ந்தால்தான் தொலைக்காட்சியில் இடம் கிடைக்கும்.

இன்னொன்றையும் பாருங்கள். தேசிய சாம்பியனைத் தேர்ந்தெடுக்கும் பிளேஆஃப் சுற்று முதன்முறையாகப் பல்கலைக்கழக வளாகங்களில் நடந்தது 2024 டிசம்பரில். டிசம்பர் 21 அன்று மூன்று ஆட்டங்கள். டெக்சாஸின் ஆஸ்டினில், குளிர்காலத்திலும் இதமாக இருக்கும் ஊரில், பிற்பகலில் ஆட்டம். உறைநிலைக்குக் கீழே போன கொலம்பஸில் இரவு எட்டு மணிக்கு! வெயில் இருக்கும் ஊரை இரவுக்கும் குளிரும் ஊரைப் பகலுக்கும் மாற்றி வைக்க எந்த விஞ்ஞானி வர வேண்டும்? இரவில் பார்வையாளர் எண்ணிக்கை ஏறும், அவ்வளவுதான் கணக்கு. அந்தக் கணக்கில் அரங்கில் இருப்பவன் கேமராவுக்குப் பின்னணித் திரை.

இதைச் சொன்னால் உடனே ஒரு கூட்டம் வந்துவிடும், உண்மையான ரசிகன் மழைக்கு அஞ்ச மாட்டான் என்று. 1950-இன் பனிப்புயல் ஆட்டத்தை எடுத்து வீசுவார்கள். அந்த நவம்பர் 25-இல் கொலம்பஸில் மிச்சிகனும் ஒஹாயோ ஸ்டேட்டும் கண் தெரியாத பனிப்புயலில் மோதின. மிச்சிகன் ஒரு ஃபர்ஸ்ட் டவுன்கூட எடுக்காமல், பந்தை 24 முறை எதிர்ப்பக்கம் உதைத்துத் தள்ளி, 9-3 என்று ஜெயித்தது. ஐம்பதாயிரம் பேர் உட்கார்ந்து பார்த்தார்கள். அவர்களுக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் அந்தப் புயல் தானாக வந்தது. விளம்பர வசூலுக்காக அந்த ஆட்டத்தை யாரும் இரவுக்குத் தள்ளி வைக்கவில்லை. வானிலை சரியில்லாததைத் தாங்குவது வேறு, வானிலை சரியில்லாத நேரமாகப் பார்த்து ஆட்டத்தை வைத்துவிட்டுத் தாங்கு என்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கி வீரம் பேசுகிறவர்கள் யாருக்கு வேலை செய்கிறார்கள் என்று யோசிக்க வேண்டும்.

இடைவேளையில் மாணவர் பகுதி பாதி காலியானது. அதற்கும் மாணவர்களையே திட்டுகிறார்கள். 2019-இல் அலபாமா பல்கலைக்கழகம் மாணவர்களின் செல்போன் இருப்பிடத்தை வைத்து, நான்காவது குவார்ட்டர் வரை அரங்கில் இருப்பவர்களுக்குப் புள்ளி கொடுக்கும் செயலியையே கொண்டுவந்தது. இளைஞர்கள் ஏன் எழுந்து போகிறார்கள் என்று கேட்பதைவிட, எழுந்து போகிறவர்களைக் கண்காணிப்பது அவர்களுக்குச் சுலபமாக இருக்கிறது.

என் மகளுக்கு எழுந்து போகவும் வழியில்லை. வாத்தியக் குழு கடைசி வரை இருந்தாக வேண்டும். கம்பளித் துணியில் தைத்த சீருடை தண்ணீரைக் குடித்துக் கல்லாகக் கனத்தது. டிரம்பெட்டின் வால்வுகள் குளிரில் இறுகிவிட்டன. விரலால் அழுத்தினால் இறங்கும், மேலே எழாது. இறங்கிய வால்வை மறு கையால் இழுத்துவிட்டுக்கொண்டு அடுத்த சுரத்தை வாசித்தார்கள் அந்தப் பிள்ளைகள். உலோக வாய்முகப்பை உதட்டில் வைத்து வைத்துக் கீழுதட்டில் இரத்தம் கசிந்திருந்தது. வீட்டுக்கு வந்து, "அம்மா, பொத்தான் கழற்ற முடியவில்லை, விரல் மடங்கவில்லை" என்று கையை நீட்டினாள். விரல் நுனிகள் வெளுத்துப்போயிருந்தன.

எதிர்ப்பக்கம், மைதானத்தின் ஓரத்தில் வீரர்களுக்குச் சூடேற்றிய பெஞ்சுகள் இருந்தன. ஊதி ஊதி வெப்பக்காற்று தள்ளும் பெரிய குழாய்களும் இருந்தன. வீரர்களுக்கு அது வேண்டும், ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன். அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள். மேலே, கண்ணாடி அடைத்த அறைகளில் பெரிய நன்கொடையாளர்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றார்கள். இரண்டுக்கும் நடுவில் ஐந்நூறு அடிக்குள் இத்தனை பேர் நடுங்கிக்கொண்டிருந்தோம். சூடு கொடுக்க அவர்களுக்குத் தெரியும். யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் தெளிவாக இருக்கிறார்கள்.

நவம்பர் பிறந்தால் வட மாநிலங்களில் ஆட்டம் பகலில்தான் என்று விதி வையுங்கள். அது முடியாது என்றால், ஆட்டத்தின் நேரத்தை டிக்கெட் விற்கும்போதே சொல்லுங்கள். மழை நாளில் மூடி போட்ட குடுவையைச் சோதித்துவிட்டு உள்ளே விடுங்கள். நனைந்தவரை ஒரு தடவையாவது காருக்குப் போய்வர விடுங்கள், கையில் முத்திரை குத்தினால் போதும். அந்த வெப்பக்காற்றுக் குழாய்களில் நான்கைக் கொண்டுவந்து வாத்தியக் குழுப் பிள்ளைகளின் வரிசையில் வையுங்கள். அதற்குப் பணம் இல்லை என்று மட்டும் எங்களிடம் சொல்லாதீர்கள்.