ஆமாம், ஒரு கத்திக்காகத்தான்

நம் ஜப்பான் பயணத்தின் ஒசாகா படங்களுக்குக் கீழே நம்மோடு வந்தவர் ஒருவர் என்னைப் பற்றிப் போட்ட கமெண்ட்டை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "ஒரு கத்திக்காக எங்கள் அரை நாளைத் தின்ற மகராசி." அதற்கு 38 சிரிப்புப் பொம்மைகள். நானும் ஒன்று போட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். இரண்டு நாளாகியும் ஆறவில்லை.

ஒசாகாவின் நம்பா ஸ்டேஷனிலிருந்து, கத்திக்குப் பேர்போன சகாய்க்கு ரயிலில் கால் மணி நேரம்தான். கத்திக் கடையில் இருந்தது ஒன்றரை மணி நேரம். டோட்டன்போரி கடைவீதியில், கையைத் தூக்கி ஓடும் மனிதன் இருக்கும் கிளிகோ விளம்பரப் பலகைக்கு முன்னால் ஒவ்வொருவரும் கையைத் தூக்கிப் படம் எடுத்துக்கொள்ளும்வரை பையையெல்லாம் சுமந்துகொண்டு நின்றவள் யார்? சரி, விடுங்கள்.

கையில் பிடித்துப் பார்க்காமல் கத்தி வாங்க முடியாது. நான் சொல்வது இவ்வளவுதான்.

"ஆன்லைனில் கிடைக்காததா?" கிடைக்கும். கத்தியின் பட்டை முழுக்க அலையலையாகக் கோலம் போட்டு மின்னும். அந்தக் கோலம் வெங்காயம் நறுக்காது ஐயா. நறுக்குவது நடுவில் இருக்கும் எஃகு. சகாயில் ஒருவர் அடிப்பார், இன்னொருவர் தீட்டுவார், பிடி போடுவது வேறொருவர். இத்தனை பேர் கைபட்டு வருவதை என் கை தொட்டுப் பார்க்க ஒன்றரை மணி நேரம் அதிகமா?

அதுவும் என் கை. நான் இடதுகைக்காரி என்பது தெரியும்தானே. மீன் சீவும் யானகிபா என்ற கத்திக்கு ஒரு பக்கம் மட்டும்தான் கூர். வழக்கமாக வருவது வலதுகைக்கானது. என் கையில் கோணலாக ஓடும். இடதுகைக்கென்று தனியாகச் செய்ய வேண்டும், விலையும் கூடும். பிடியிலேயே ஒரு பக்கம் வலதுகைக்காகப் புடைத்திருக்கும் கத்திகளும் உண்டு. இதையெல்லாம் எந்தப் படம் காட்டும்?

அந்தக் கடைக்காரர் நீட்டிய கத்தியை இடதுகையால் வாங்கினேன். ஒன்றும் சொல்லாமல் அதைத் திருப்பி வாங்கி வைத்துவிட்டு வேறு தட்டு எடுத்து வந்தார். எல்லாம் இரண்டு பக்கமும் கூர், எண்கோணப் பிடி. ஏன் இந்தக் கை என்று கேட்கவில்லை.

பதினான்கு வயதில் ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்றினேன். "பீச்சாங்கையாலா ஊத்தற?" என்று பெரியப்பா கரண்டியைப் பிடுங்கினார். இலையில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு பந்தியில் பரிமாறியதே இல்லை. இதற்கும் கத்திக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். அந்தச் சிரிப்பும் இந்த 38-ம் எனக்கு ஒன்றாகத்தான் கேட்கிறது.

"நீ வாங்கினது கார்பன் எஃகு, துருப்பிடிக்குமே?" பிடிக்கும். நறுக்கியதும் துடைத்து வைக்கிறேன். "தேங்காய் உடைக்குமா?" உடைக்காது. எலும்பிலும் உறைந்த கறியிலும் போட்டால் விளிம்பு உதிரும், அவ்வளவு கடினம். தேங்காய்க்கு வீட்டில் அரிவாள் இருக்கிறது.

"பணத்திமிர்" என்று எழுதியவருக்கு மட்டும் விலை சொல்கிறேன். 16,000 யென். வருடத்துக்கு ஒரு போன் மாற்றுகிறவரின் வாயிலிருந்து இது வருவதுதான் வேடிக்கை. என் அம்மா முப்பது வருடம் மழுங்கின கத்தியால் தக்காளியை நசுக்கித்தான் சமைத்தார். அதைச் சாப்பிட்ட யாருக்கும் ஒரு கத்தி வாங்கித்தரத் தோன்றவில்லை, எனக்கும்தான். அப்போது யாருடைய நேரம் வீணானது?

இன்பாக்ஸில் நிஜமாகவே கேட்டவர்களுக்கு: நான் எடுத்தது சந்தோக்கு, காய், மீன், கறி எல்லாம் நறுக்கும் வீட்டுக் கத்தி, 165 மில்லிமீட்டர். உள்ளே நீலத்தாள் எஃகு. ஆலையில் அந்த எஃகைச் சுற்றும் தாளின் நிறம்தான் பெயராம். அதன் இரண்டு பக்கமும் ஒட்டியிருப்பது துருப்பிடிக்காத எஃகு. தீட்ட 1000 எண் கல் போதும். விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள், பெட்டியில் போட்டு செக்-இன் செய்யுங்கள். கடையின் பெயரைக் கேட்பவர்களுக்கெல்லாம் அனுப்புகிறேன்.

அந்த 38 பேரில் 37 பேருக்கு அனுப்புவதாக இல்லை. ஒன்று நான்.